பழைய பக்கிக்குப் பாகம் தேடுவது எப்படி?

பழைய பக்கி ஒன்றை, அதாவது பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப் வண்டி ஒன்றை, வாங்கி வீட்டு முற்றத்தில் நிறுத்தியாகிவிட்டது. தெரிந்த மெக்கானிக் இருக்கிறார், டிங்கரிங் செய்ய ஆள் சொல்லியாகிவிட்டது, ஆனால் வேலை மட்டும் நகரமாட்டேன் என்கிறது. கேட்டால் ஸ்பேர் கிடைக்கவில்லை என்பார்கள். பாதி நேரம் ஸ்பேர் கடையில்தான் இருக்கும், கேட்ட விதம்தான் சரியில்லை. கவுண்டரில் போய் நின்று "1972 மாடல் டாட்சனுக்கு முன் சக்கரத்து பேரிங் இருக்கா?" என்றால், கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்க்கும் பையன் இல்லை என்றுதான் சொல்வான். அவன் திரையில் அந்த வண்டியே இருக்காது. அதே பையனிடம் பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள், பின்னால் போய் எடுத்து வந்து வைப்பான். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்காமல் எண்ணையும் அளவையும் சொல்லிக் கேட்கப் பழகுவதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு.

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் இருந்துகொண்டு முதல் முறையாக ஒரு பழைய பக்கியைத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஜோகன்னஸ்பர்க்கிலோ கேப் டவுனிலோ இருப்பவர்களுக்குக் கடைத் தெருக்கள் மாறும், முறை மாறாது.

உங்களிடம் இருப்பது என்ன வண்டி?

தெரியாமலா வாங்கினேன் என்று கோபப்படாதீர்கள். பதிவுத் தாளில் உள்ள ஆண்டு பெரும்பாலும் முதல் பதிவு ஆண்டு. வண்டி அதற்கு முன்பே தொழிற்சாலையை விட்டு வந்திருக்கலாம். மாடல் நடுவில் மாறிய வருடங்களில் இந்தச் சின்ன வித்தியாசமே தவறான பிரேக் சிலிண்டரை வாங்க வைக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், நாற்பது ஐம்பது வருடத்தில் வண்டி பல கை மாறியிருக்கும். ஒவ்வொரு கையும் எதையாவது மாற்றியிருக்கும்.

நம் பக்கம் அதிகம் பார்ப்பது டாட்சன் 1200 பக்கிதான். அதில் பிறவி எஞ்சின் ஏ12, கொள்ளளவு 1171 சி.சி. ஆனால் போனட்டைத் திறந்தால் பாதி வண்டிகளில் உட்கார்ந்திருப்பது நிசான் 1400-இன் ஏ14, அதாவது 1397 சி.சி. இரண்டும் ஒரே குடும்பம், பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் ஏ12-இன் பிஸ்டன் விட்டம் 73 மி.மீ., ஏ14-க்கு 76 மி.மீ. ஏ14-இன் பிளாக்கும் உயரம் கூடியது. ஹெட் கேஸ்கெட், பிஸ்டன், புஷ் ராடு எதுவும் ஒன்றுக்கொன்று சேராது. வண்டிப் பெயரைச் சொல்லி கேஸ்கெட் செட் வாங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் ஸ்பேனரைத் தொடும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். சேசி எண், எஞ்சின் பிளாக்கில் அடித்த எண், கியர்பாக்ஸ் எண், பின் ஆக்சிலில் ஏதாவது தகடு இருந்தால் அது, கார்புரேட்டரில் பொறித்த எண், டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் இவற்றின் எண்கள், எல்லாவற்றையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து வாசித்து எழுதிக்கொள்ளுங்கள். போனிலும் படம் எடுத்து வையுங்கள். 1980-க்கு முந்தைய வண்டிகளில் இப்போதைய 17 இலக்க எண் இருக்காது, சின்ன எண்தான் இருக்கும். பிரிட்டிஷ் வண்டியாக இருந்தால் பேட்டரியின் எந்த முனை பாடியில் இறங்குகிறது என்றும் பாருங்கள். பழைய மாரிஸ், ஆஸ்டின் வகைகளில் பாசிட்டிவ் முனை பாடியில் இறங்கும். அதைக் கவனிக்காமல் புது ஆல்டர்னேட்டர் மாட்டினால் அன்றோடு அது போயிற்று.

வெளிநாட்டுக் கேட்டலாக்கை ஏன் நம்பக் கூடாது

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும். தென்னாப்பிரிக்க அரசு 1961-இல் உள்ளூர்ப் பாகத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இங்கே வண்டி கட்டும் நிறுவனங்கள் குறிப்பிட்ட பங்கு பாகங்களை இங்கேயே செய்து போட வேண்டும் என்பது விதி. 1980-களின் கடைசி வரை அந்தப் பங்கை எடைக் கணக்கில்தான் பார்த்தார்கள். அதனால் கனமான சாமான்களெல்லாம் உள்ளூரில் தயாராயின. ஜப்பான் பெயர் போட்ட வண்டியில் உள்ளூர்க் கண்ணாடி, உள்ளூர் ரேடியேட்டர், உள்ளூர் ஸ்பிரிங், சில நேரம் உள்ளூர் பிரேக் என்று கலந்து கிடப்பது இதனால்தான். கண்ணாடியின் மூலையில் ஷாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருந்தால் அது போர்ட் எலிசபெத்தில், இன்றைய கபெகாவில், பிறந்த கண்ணாடி.

இதில் நமக்கு ஒரு லாபம், ஒரு நட்டம். லாபம், உள்ளூரில் செய்ததால் பாகங்கள் இன்னும் எங்கெங்கோ பெட்டியில் கிடக்கின்றன. நட்டம், ஜப்பானிலோ ஆஸ்திரேலியாவிலோ அச்சிட்ட பாகப் பட்டியல் உங்கள் வண்டியோடு முழுசாகப் பொருந்தாது. பட்டியலை வழித்துணையாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் கையில் உள்ள பழைய பாகம் சொல்வதுதான் இறுதி.

பழைய பெட்டிகளில் அறியாத பெயர் இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஃபோர்டும் சிக்மா என்ற உள்ளூர் நிறுவனமும் 1985-இல் ஒன்றாகி சாம்கார் ஆனது. ஜெனரல் மோட்டார்ஸ் நாட்டை விட்டுப் போனபின் 1987-இலிருந்து அந்த ஆலை டெல்டா என்ற பெயரில் ஓடியது. கோர்ட்டினா பக்கிக்கு வேண்டியது சாம்கார் பெட்டியிலும், இசுசு கே.பி.க்கு வேண்டியது டெல்டா பெட்டியிலும் இருக்கலாம்.

பங்காளி வண்டிகள்

எந்தப் பக்கியும் தனியாகப் பிறந்ததில்லை. உங்கள் வண்டிக்குப் பங்காளிகள் யார் என்று தெரிந்தால் தேடும் இடம் மும்மடங்காகும்.

டாட்சன் 1200-க்கு நிசான் 1400. இது 2008 வரை பிரிட்டோரியா அருகே ரோஸ்லினில் தயாரானது. அடிப்படை உடல் அதே டாட்சன் உடல்தான். கதவு, பின் தொட்டி, சஸ்பென்ஷன் சாமான்கள் பல ஒத்துப்போகும். எஞ்சின் உயரமானதால் 1400-இன் போனட்டில் ஒரு மேடு உண்டு, அசல் 1200 தோற்றம் வேண்டும் என்பவர்கள் அதை வாங்க வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் கேடி முதல் தலைமுறைக்கு கோல்ஃப். கதவுக்கு முன்னால் இருப்பதெல்லாம் கோல்ஃப்தான். சிட்டி கோல்ஃப் 1984-இலிருந்து 2009 வரை யூட்டன்ஹேகில் வந்துகொண்டே இருந்ததால், கேடி வைத்திருப்பவர் கொடுத்து வைத்தவர். அவர் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவைத்தாலும் பாதகமில்லை.

ஷெவர்லே லவ் என்பது பெயர் மாற்றிய இசுசு. சாம்கார் காலத்து ஃபோர்ட் கூரியரும் மாஸ்டா பி வரிசையும் ஒரே வண்டி, இரண்டு முகம். கோர்ட்டினா பக்கியின் முன்பாதி கோர்ட்டினா கார். இங்கே கட்டிய அதே பக்கி 1980-களில் பி100 என்ற பெயரில் பிரிட்டனுக்கு ஏற்றுமதியானதால், அங்கேயும் தேடலாம். ஹைலக்ஸில் 18ஆர் எஞ்சின் இருந்தால் அந்தக் காலத்து டொயோட்டா கார்களிலும் அதே எஞ்சினைப் பார்க்கலாம். ஹைலக்ஸ் நம் ஊர்ப் பிள்ளை, இசிபிங்கோ ஒட்டிய பிராஸ்பெக்டனில் கட்டியது, அதனால் டர்பனில் அதற்கு ஸ்பேர் தேடுவது மற்றவற்றைவிடச் சுலபம்.

கழற்று, கழுவு, அள

இனி உண்மையான வேலை. ஒரு டிஜிட்டல் வெர்னியர், மரை அளக்கும் கேஜ், ஒரு டேப், ஒரு காந்தம். இவை இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். பழைய பாகத்தைக் கழற்றி, டீசலிலோ பாரஃபினிலோ கழுவி, எண் தெரியும்வரை துடையுங்கள். புதியது கைக்கு வந்து மாட்டிப் பார்க்கும்வரை பழையதை எறியாதீர்கள். உடைந்த துண்டாக இருந்தாலும் அதுதான் உங்கள் ஒரே சாட்சி.

பேரிங் விஷயம் மிகச் சுலபம், ஏனென்றால் உலகம் முழுக்க ஒரே எண் முறை. 6203 என்று இருந்தால் உள் விட்டம் 17 மி.மீ., வெளி விட்டம் 40, அகலம் 12. எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். கடைசி இரண்டு இலக்கம் 04-க்கு மேல் இருந்தால் அதை ஐந்தால் பெருக்குங்கள், உள் விட்டம் கிடைக்கும். 6205 என்றால் 25 மி.மீ. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ரப்பர் மூடி உண்டா, தகர மூடியா, உள் இடைவெளி எவ்வளவு என்பதை அவைதான் சொல்லும். சக்கரத்தில் வரும் கூம்பு பேரிங்கில் உள்துண்டுக்கு ஓர் எண், வெளி வளையத்துக்கு வேறு எண். இரண்டையும் எழுதி, இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய வளையத்தில் புதுக் கூம்பை ஓட விடுவது காசைத் தண்ணீரில் போடுவது.

ஆயில் சீலில் மூன்று எண் இருக்கும், ஷாஃப்ட் விட்டம், வெளி விட்டம், அகலம் என்ற வரிசையில். 35, 52, 8 என்பதுபோல. எழுத்து அழிந்திருந்தால் சீலின் உதட்டை அளக்காதீர்கள். உதடு எப்போதும் ஷாஃப்டைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்கும். ஷாஃப்டையே அளந்து எழுதுங்கள். ஷாஃப்டில் சீல் ஓடிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள், மேலே போடும் மெல்லிய ஸ்லீவ் கிடைக்கும்.

வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டரில் துளை அளவு முதுகில் வார்ப்பிலேயே இருக்கும், பல நேரம் அங்குலத்தில். முக்கால் அங்குலத்துக்கும் பதின்மூன்று பதினாறுக்கும் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. தவறான அளவு மாட்டினால் முன் பின் பிரேக் பலம் மாறி வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அல்லது பின் சக்கரம் முதலில் பூட்டும்.

பிரேக் குழாய் மரை இதைவிட ஆபத்தானது. ஜப்பான் வண்டிகளில் 10 மி.மீ. மரை, ஒரு மி.மீ. இடைவெளியில். பிரிட்டிஷ், அமெரிக்க வண்டிகளில் எட்டில் மூன்று அங்குல யு.என்.எஃப். என்ற அங்குல மரை, அங்குலத்துக்கு 24 மரை. அதாவது 9.5 மி.மீ. விட்டம். அங்குல நட்டு மெட்ரிக் துளைக்குள் கொஞ்சம் தொளதொளவென்று இறங்கிவிடும், இறுக்கினால் பிடித்த மாதிரியும் இருக்கும். அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கும் நாளில்தான் அது கழன்று வரும். உள்ளூரில் கட்டிய வண்டிகளில் இரண்டும் கலந்து கிடக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு இணைப்பையும் கேஜ் வைத்துப் பாருங்கள். குழாய் முனை மடிப்பும் இரண்டு வகை, குமிழ் போல உருண்டது ஒன்று, உள்ளே இரட்டையாக மடித்தது ஒன்று. எது இருந்ததோ அதையே போடுங்கள்.

மற்றவை சீக்கிரம் முடியும். கிளட்ச் பிளேட்டுக்கு வெளி விட்டம், நடுவில் பல் எண்ணிக்கை, ஷாஃப்ட் விட்டம். புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸுக்கு மூடியின் விட்டம், எதிரெதிர் மூடிகளின் மொத்த நீளம். ஃபேன் பெல்ட்டுக்கு அகலமும், நூல் வைத்து எடுத்த சுற்றளவும். ரேடியேட்டர் ஹோஸுக்குப் பழையதையே கையில் கொண்டு போய்க் கடைச் சுவரில் தொங்குவனவற்றோடு ஒத்துப் பாருங்கள், வளைவு பொருந்துகிற நீளமான ஹோஸை வாங்கி அறுத்துக்கொள்ளலாம். ஏழு அங்குல வட்ட ஹெட்லைட் என்றால் எந்த ஊரிலும் கிடைக்கும்.

எங்கே போவது

மிடாஸ், ஆட்டோஸோன் போன்ற கடைகள் ஃபில்டர், பிளக், பெல்ட், பிரேக் ஷூ போன்றவற்றுக்கு நல்லவை. ஜி.யு.டி. ஃபில்டர் பிராஸ்பெக்டனிலேயே தயாராகிறது, பழைய வண்டிகளுக்கும் எண் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி வேண்டுமென்றால், தடியான காகிதக் கேட்டலாக் இன்னும் கவுண்டரில் கிடக்கிற தனியார் ஸ்பேர் கடையைத் தேடுங்கள். உம்கெனி ரோடு, ஜேக்கப்ஸ், கிளேர்வுட், இசிபிங்கோ பக்கம் நடந்தால் ஒன்றிரண்டு கண்ணில் படும். கவுண்டருக்குப் பின்னால் வயதானவர் இருந்தால் அவரிடமே போங்கள், கம்ப்யூட்டர் பையனிடம் வேண்டாம். பேச்சு இப்படி இருக்கட்டும்:

"அங்கிள், முன் சக்கரத்து உள் பேரிங். நம்பர் இது, ஷாஃப்ட் அளவும் எழுதியிருக்கேன்."

"எந்த வண்டி தம்பி?"

"டாட்சன் 1200, ஆனா முன் ஆக்சில் மாத்தின மாதிரி இருக்கு. நம்பரையே பாருங்க அங்கிள்."

வேலை தெரிந்த ஆள் என்று புரிந்தால் அவர் மேல் அலமாரியில் இருப்பதையும் இறக்குவார். புரட்டாசி மாதச் சனிக்கிழமைகளில் மட்டும் இவர்களில் சிலரைக் கடையில் எதிர்பார்க்காதீர்கள். கோயிலில் இருப்பார்கள்.

ஆனால் புதியவர்கள் கவனிக்காத இடம் வேறு. வண்டிக் கடைகளே அல்லாத கடைகள்: பேரிங் கடை, ஹைட்ராலிக் ஹோஸ் கடை, சீல் கடை, போல்ட் நட் கடை. இவர்கள் கரும்பு ஆலைக்கும் துறைமுகத்துக்கும் சாமான் விற்கிறவர்கள். உங்கள் வண்டி எது என்று கேட்கவே மாட்டார்கள், அளவைச் சொன்னால் கொடுப்பார்கள். ஸ்பேர் கடையைவிட விலையும் பல நேரம் குறைவு.

அடுத்தது ஆட்கள். சாட்ஸ்வொர்த், மெரிபேங்க், ஃபீனிக்ஸ் வீட்டு முற்றங்களில் வேலை பார்த்து ஓய்ந்த மெக்கானிக்குகள் எத்தனையோ பேர். அவர்கள் கராஜில் கிடக்கும் டப்பாக்களில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே நினைவிருக்காது. கோயில் கமிட்டியில், காவடி அன்னதான வரிசையில், கல்யாண வீட்டில் சொல்லி வையுங்கள். டொங்காட், ஸ்டாங்கர் பக்கத்துக் கரும்புப் பண்ணைக் கொட்டகைகளிலும் கேளுங்கள், ஓடாமல் நின்ற பக்கியை அங்கே சட்டென்று விற்றுவிட மாட்டார்கள். நேரே போய் விலை கேட்பதைவிட, தெரிந்தவர் ஒருவரோடு போய் ஒரு டீ குடித்துவிட்டுக் கேட்பது பலிக்கும்.

பழைய கார் மன்றங்களும் உண்டு. நாடு முழுவதுக்குமான குடை அமைப்பு சாவா, அதன்கீழ் ஊருக்கு ஊர் மன்றங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் பிரிட்டோரியாவிலும் நடக்கும் கார்ஸ் இன் த பார்க் மாதிரிக் கூட்டங்களில் வண்டிகளைப் பார்க்கிற கூட்டம் ஒரு பக்கம் போகட்டும், நீங்கள் ஸ்பேர் விரித்து விற்கிறவர்கள் பக்கம் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் வெறும் குப்பைதான் மிஞ்சும்.

கம்ட்ரீ, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் தேடும்போது பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியும் தேடுங்கள். வாங்கும்போது ஒரே விதி. பாகத்தின் மேல் இன்றைய தேதி எழுதிய ஒரு தாளை வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாதவருக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.

ஸ்கிராப் யார்டும் சட்டமும்

யார்டுக்குப் போனால் வாசலில் இருக்கும் முதலாளியைப் போலவே உள்ளே கழற்றித் தரும் ஆளும் முக்கியம். பெரும்பாலும் ஜூலு பேசுபவர். "சாவுபோனா, பாபா" என்று வணக்கம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். எந்த வண்டி எந்த மூலையில், எதற்கடியில் கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நம்பிக்கையாகப் பழகினால் புது வண்டி உள்ளே வந்த அன்றே உங்களுக்குப் போன் வரும்.

2009-இன் பழைய பொருள் வணிகச் சட்டப்படி இப்படிப்பட்ட யார்டுகள் போலீஸில் பதிவு செய்து, வாங்கல் விற்றலுக்குப் பதிவேடு வைக்க வேண்டும். ரசீது தராத இடத்தில் எஞ்சினோ கியர்பாக்ஸோ வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். எஞ்சின் எண் உரசியிருந்தால், வெல்டு அடித்திருந்தால், பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். அழித்த எண்ணோடு வண்டி வைத்திருப்பதே குற்றம். எஞ்சினை மாற்றினால் ரசீதோடு போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி, லைசென்ஸ் அலுவலகத்தில் புது எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியை முடித்துவிட்டு ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ரோடுவொர்த்தி சோதனைக்குப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

ஸ்பேருக்காக முழு வண்டி ஒன்றை வாங்கினால் அதன் பதிவில் உள்ள கோட் எண்ணைப் பாருங்கள். கோட் 4 என்றால் நிரந்தரமாக அழித்ததாகப் பதிவான வண்டி, அதைத் திரும்ப ரோட்டில் விட முடியாது. பாகத்துக்கு மட்டும் வாங்குவதென்றால் பரவாயில்லை. "பேப்பர் அப்புறம் வரும்" என்று விற்கிறவரை நம்பி அதையே ஓட்டலாம் என்று கனவு காணாதீர்கள்.

இன்னொன்று, 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இசிபிங்கோ, பிராஸ்பெக்டன் எல்லாம் முழுகியது, டொயோட்டா ஆலையே மாதக்கணக்கில் நின்றது. அந்தப் பக்கத்து யார்டில் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஃப்ரன்ஷியல் வாங்கினால் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே வண்டல் மண் இருந்தால் தெரிந்துவிடும்.

தகரம் மட்டும் கடலோரம் தாண்டிய ஊர்களிலிருந்து

எஞ்சின் சாமானை டர்பனில் வாங்கலாம். தகரத்தை மட்டும் இங்கே வாங்காதீர்கள் என்பது என் பிடிவாதமான கருத்து. கடல் காற்றும் ஈரமும் பக்கியை அடியிலிருந்து தின்றுவிடும். கேபின் தரையில் ரப்பர் பாய்க்கு அடியில், கதவின் கீழ் விளிம்பில், முன் மட்கார்டுக்குப் பின்னால், பின் தொட்டியின் மூட்டுகளில், பேட்டரித் தட்டில், கூரையைச் சுற்றி மழைநீர் ஓடும் பள்ளத்தில் பாருங்கள். பெயின்ட் பளபளப்பாக இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது.

கரூ, வட கேப், ஃப்ரீ ஸ்டேட் பக்கம் மழை குறைவு, துருவும் குறைவு. அப்பிங்டனிலோ கிம்பர்லியிலோ கிடைக்கும் கதவு, இங்கே நாலு கதவை ஒட்ட வைத்துக் கிடைப்பதைவிட நல்லது. ஆனால் அந்த ஊர் வெயிலில் ரப்பரும் டாஷ்போர்டும் வெடித்துப் போயிருக்கும், அவற்றை அங்கே வாங்க வேண்டாம். சின்னச் சாமானுக்கு கூரியர் போதும். கதவு, போனட், தொட்டிப் பக்கத் தகடு என்றால் என்3 நெடுஞ்சாலையில் காலியாகத் திரும்பும் லாரிக்காரர் ஒருவரைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. துண்டாக வெட்டி வாங்குவதாக இருந்தால் உங்களுக்கு வேண்டிய கோட்டைத் தாண்டி ஒரு சாண் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். தொட்டியின் தட்டையான தரையை எங்கும் தேடாதீர்கள், ஜேக்கப்ஸில் தகடு மடிக்கும் பட்டறையில் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள்.

கிடைக்காததைச் செய்துகொள்வது

புதிதாகக் கிடைக்காத பாகம் பெரும்பாலும் புதிதாக வேண்டியதே இல்லை. பிரேக் ஷூவின் இரும்பு நன்றாக இருந்தால் மேலே புது லைனிங் ஒட்டித் தரும் கடைகள் உண்டு. கிளட்ச் பிளேட்டும் அப்படியே. பள்ளம் விழுந்த மாஸ்டர் சிலிண்டரைத் துளைத்து உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் அடித்தால், பழைய ரப்பர் கிட் அளவிலேயே பல வருடம் ஓடும். ரேடியேட்டருக்கு மேல் கீழ் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுவை மட்டும் மாற்றலாம். ஸ்பிரிங் பட்டை உடைந்தால் ஸ்பிரிங் பட்டறையில் அந்த ஒரு இலையை மட்டும் அடித்து வளைத்துக் கொடுப்பார்கள். சாதாரண கேஸ்கெட்டுகளை கேஸ்கெட் தாள் வாங்கி நீங்களே வெட்டிக்கொள்ளலாம்.

எஞ்சின் வேலையில் ஒரு வரிசை உண்டு. பிஸ்டன் கைக்கு வந்தபிறகே பிளாக்கைப் போர் செய்ய, அதாவது சிலிண்டர் துளையை அறுத்துப் பெரிதாக்க, கொடுங்கள். 0.50 மி.மீ. கூட்டிப் போர் செய்துவிட்டு, அந்த அளவு பிஸ்டன் நாட்டிலேயே இல்லை என்று தெரிந்தால் அடுத்த அளவுக்கு மறுபடி அறுக்க வேண்டும். கிராங்க் பேரிங்குக்கும் இதே கதை. ஹெட் கழன்றிருக்கும்போதே வால்வு சீட்டையும் கடினமானதாக மாற்றிவிடுங்கள். 2006 தொடக்கத்தோடு ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே நின்றுவிட்டது. அந்த ஈயத்தை நம்பிச் செய்த பழைய வார்ப்பிரும்பு ஹெட் சீட்டுகள், நெடுந்தூர ஓட்டத்தில் தேய்ந்து உள்ளே இறங்கும்.

ஓர் எச்சரிக்கை. ஆஸ்பெஸ்டாஸை இந்த நாட்டில் 2008-இல்தான் தடை செய்தார்கள். பழைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட் தூசியில் அது இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக் குழாய் வைத்து ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள்.

புதுப் பெட்டியில் பழைய ரப்பர்

ஐம்பது வருடமாகப் பிரிக்காத பெட்டியில் அசல் பாகம் கிடைத்தால் யாருக்கும் வாய் ஊறும். இரும்பு, பித்தளை, கண்ணாடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ரப்பர் என்றால் வாங்காதீர்கள். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம், எஞ்சின் மவுண்டிங் எல்லாம் பெட்டிக்குள்ளேயே வயதாகிவிடும். அசல் பெட்டி என்பதற்காக உயிரைப் பணயம் வைக்க முடியாது. கதவு, கண்ணாடி பீடிங்கை மீட்டர் கணக்கில் வாங்கலாம். பழையதில் ஒரு துண்டை அறுத்து அதன் குறுக்குவெட்டு முகத்தைக் காட்டினால் ஒத்த வடிவம் எடுத்துத் தருவார்கள். டயர் வாங்கினால் பக்கவாட்டில் நாலு இலக்கம் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அந்த டயர் 2000-க்கு முந்தையது, காட்சிக்கு மட்டும்தான்.

கடல் கடந்து வரவழைத்தால்

இது கடைசி வழியாக இருக்கட்டும். நம்மைப் போலவே வண்டியின் வலப்பக்கம் ஸ்டீரிங் வைக்கும் நாடுகளைப் பாருங்கள்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தாய்லாந்து, பிரிட்டன். டாட்சன் 1200 ஆஸ்திரேலியாவில் யூட் என்ற பெயரில் நிறைய ஓடியது. அமெரிக்காவிலிருந்து கார்புரேட்டர் கிட், பேரிங் மாதிரியானவை வாங்கலாம். ஸ்டீரிங் பாக்ஸ், வைப்பர் அமைப்பு, டாஷ்போர்டு, ஹெட்லைட் வேண்டாம். அங்கே எல்லாம் எதிர்ப்பக்கம்.

விலையைக் கணக்குப் போடும்போது பாகத்தின் விலை, கப்பல் கூலியோடு நிறுத்திவிடாதீர்கள். சுங்க வரி ஒன்று உண்டு. அதற்குமேல் 15 விழுக்காடு வாட். வாட் கணக்கிடும்போது சுங்க மதிப்போடு பத்து விழுக்காட்டைக் கூட்டி, வரியையும் சேர்த்து, அந்த மொத்தத்தின் மேல் போடுவார்கள். பயன்படுத்திய பாகங்களை இறக்குமதி செய்ய சர்வதேச வணிக நிர்வாக ஆணையத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அனுமதி இல்லாமல் வந்த பெட்டி சுங்கத்தில் நிற்கும், வாடகையும் ஏறும். அதனால் புதுப் பாகமாக இருந்தால் மட்டும் வரவழையுங்கள், பழையதை நாட்டுக்குள்ளேயே தேடுங்கள்.

வாங்கும் வரிசை

கையில் காசு கொஞ்சம் இருக்கும்போது முதலில் மனம் போவது பளபளக்கும் பம்பரிலும் சீட் கவரிலும்தான். பிரேக், ஸ்டீரிங் சாமான்களை முதலில் வாங்குங்கள், வண்டியை முற்றத்துக்குள் நகர்த்தவே அவை வேண்டும். அடுத்து லேத், போர் பட்டறைக்குப் போக வேண்டியவை, ஏனென்றால் அங்கே வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஃபில்டர், பெல்ட், பிளக் கடைசியில் ஒரே நாளில் வாங்கிவிடலாம். இந்த வரிசைக்கு ஒரே விலக்கு, யாரும் திரும்பச் செய்யாத சின்னச் சாமான்கள்: கிரில், பெயர் எழுத்துகள், கதவுக் கைப்பிடி, டெயில் லைட் கண்ணாடி, டாஷ்போர்டு கடிகாரம், ஸ்பீடோமீட்டர். 1970-களின் தொடக்கத்துக்கு முந்தைய வண்டி என்றால் மைல் கணக்கு ஸ்பீடோமீட்டர்தான் அசல். இவை கண்ணில் பட்டால் வேலை எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அன்றே வாங்கி, பெயர் எழுதி, பெட்டியில் போட்டு வையுங்கள். டெயில் லைட் கண்ணாடி ஜோடியாகக் கிடைத்தால் இரண்டு ஜோடி.